மகளுக்குச் சேர வேண்டியது

மஸ்கட்டிலிருந்து நைனார் வந்து சேர்வதற்குள் குழந்தை பிறந்து மூன்று நாளாகிவிட்டது. மகளின் காதில் தொழுகை அழைப்பான பாங்கைத் தானே சொல்லவேண்டும் என்று விமானத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

மனைவி ரிஸ்வானா படுத்தபடியே அழுதாள். “புள்ளைக்குக் காது கேக்காதாம் மச்சான். ரெண்டு தடவ சோதிச்சிட்டாங்க.”

நைனார் பையைக் கீழே வைத்தான். பிறகு போய்க் கை, முகம், கால் கழுவி உளூ செய்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கினான்.

“கேக்காத காதுல என்னத்தச் சொல்லப் போறீங்க?”

“அவளுக்குச் சேர வேண்டியத நான் ஏன் நிறுத்தணும்?”

குழந்தையை நெஞ்சோடு அணைத்து, அதன் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டான். வலது காதருகே குனிந்து, “அல்லாஹு அக்பர்” என்று தொடங்கினான். குரல் உடைந்தது, நிறுத்தவில்லை. தொழுகைக்கு வாருங்கள் என அழைக்கும் இடத்தில் சிறு விரல்கள் விரிந்து, அதிரும் தொண்டையில் அழுந்தின.

ரிஸ்வானா எழுந்து உட்கார்ந்தாள்.