நானுக்குச் சேர வேண்டியது

எண்ணூற்று நாற்பது வெள்ளி. சிங்கப்பூர் வெள்ளி. நம்ம காசுக்கு ஐம்பத்தைந்தாயிரத்துச் சொச்சம்.

அதை மஞ்சப்பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு, திருச்சுழியிலிருந்து நின்றபடியே பஸ்ஸில் வந்த வீரபத்திரனுக்கு, அருப்புக்கோட்டை சபீர் பாயின் பணம் அனுப்பும் கடையில் முதல் கேள்வியிலேயே முட்டிக்கொண்டது.

“யாருக்குண்ணே அனுப்பணும்?” கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த ஆசிபா கேட்டாள்.

“நானுக்கு.”

“எனக்குன்னு சொல்லணும்ணே. உங்களுக்கு நீங்களே அனுப்பிக்க இங்க எதுக்கு வந்தீக?”

“எனக்கு இல்ல தாயி. நானுக்கு. நான்ங்கிறது அவரு பேரு.”

ஆசிபா தட்டுவதை நிறுத்தினாள். “அப்ப நீங்க யாரு?”

“வீரபத்திரன்.”

“நான்?”

“நீ இல்ல தாயி, அவரு!”

உள் மேஜையில் சபீர் பாய் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். வீரபத்திரனுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. வெயிலில் வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க நாதியில்லை, தமிழ் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார்கள்.

நான் என்பவர் சீனர். சிங்கப்பூரில் கம்பி கட்டும் வேலையில் இவனுக்கு மேஸ்திரி.

ஊரில் போட்ட போர் பாதி ஆழத்தில் புழுதியைக் கக்கிக்கொண்டு நின்றபோது, மேலே இறக்கக் காசில்லாமல் இவன் சோறு இறங்காமல் இருந்ததைப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து அந்த எண்ணூற்று நாற்பதை எடுத்துக் கொடுத்தவர். எழுதி வாங்கவில்லை. திருப்பிக் கேட்கவும் இல்லை.

தண்ணீர் வந்தது. கொஞ்ச நாளில் இவனுக்கு வேலை போய் ஊர் திரும்பினான். அவரும் இப்போது நெஞ்சில் கட்டி என்று சொந்த ஊருக்குப் போய்விட்டார். அவர் மருந்துச் செலவுக்காவது ஆகட்டும் என்று வெள்ளாடுகளை விற்றுக்கொண்டு வந்தால், இங்கே இலக்கணம் பார்க்கிறார்கள்.

“அது குடும்பப் பேராண்ணே, சொந்தப் பேரா?”

“குடும்பப் பேரு. சொந்தப் பேரு தெரியாது. அதான் அக்கவுண்டு நம்பரு இருக்கே.”

“ரெண்டு பேரையும் போட்டாத்தான் ஏத்துக்கும். ஊர், ஜில்லா எல்லாம் வேணும்.”

“சீனாவுல அந்தப் பேருல கோடிப் பேரு இருப்பான்யா” என்றார் சபீர் பாய். “எவன் கணக்குல போய் விழுமோ.”

“கோடியா? மொத்தமே ஒரு ஆத்தங்கரையில நாலஞ்சு ஊருக்குள்ள அடங்கிருவாக பாய்.”

வீரபத்திரனுக்கு அந்த வம்சம் முழுக்கத் தெரியும். மதியச் சோற்று நேரத்தில் அவர் சொன்னதுதான். ஆதியில் வடக்கே புல்வெளியில் குதிரை மேய்த்த கூட்டம். எந்த ராசா காலத்திலோ தெற்கே இறங்கி, ஆற்றங்கரையில் தங்கி, குதிரையை விட்டுக் கலப்பையைப் பிடித்தார்கள். ஒரு பங்காளி வகையறா கொரியாப் பக்கம் போனது. பேர் ராசியில்லை என்று சில பேர் வேறு பேர் வைத்துக்கொண்டார்கள். மிச்சம், நரிக்குடிப் பக்கம் ஒரே குலசாமியைக் கும்பிடும் நாலு ஊர்போல, அந்தச் சில ஊர்கள்தான். சிங்கப்பூரில் சீனர்களே இப்படியும் ஒரு பேரா என்று அவர் அட்டையை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பார்கள்.

இதையும், கடன் கதையையும், ஆடு விற்றதையும் அவன் சொல்லச் சொல்ல, சபீர் பாய் கையைக் காட்டி நிறுத்தினார்.

“வரலாறு நல்லாத்தான்யா இருக்கு. கம்ப்யூட்டர் கேக்கணும்ல? குடுத்தவனே கேக்கல. அவன் என்ன திருச்சுழிக்கு பஸ் ஏறியா வரப்போறான்? பேசாம அந்த ஆட்டைத் திரும்ப வாங்கிக் கட்டு.”

“அவரு கேக்காததுதான் பாய் அறுக்குது.”



ஆசிபாவுக்கே பாவமாகப் போயிற்று. “அவுக ஆளுக யாரும் போன்ல இல்லையாண்ணே?”

அவருடைய அண்ணன் மகன் ஒருவன் இன்னும் சிங்கப்பூரில் இருந்தான். ரெண்டு மாசத்துக்கு முன்னால் கணக்கு எண்ணை அனுப்பியவனும் அவன்தான். இவன் தமிழில் போடுவான், அவன் சீனத்தில் பார்ப்பான். அவன் சீனத்தில் போடுவது இங்கே தமிழாகி வரும். எல்லாம் போனே மாற்றிக்கொள்ளும், பாதி புரியும், பாதி புரியாது.

வீரபத்திரன் போனை நீட்ட, ஆசிபாவே தட்டினாள். பணம் அனுப்ப வந்திருக்கிறோம், பெரியவரின் முழுப் பேரும் ஊரும் வேண்டும்.

பதில் உடனே வரவில்லை. மின்விசிறி தேய்ந்துகொண்டே சுற்றியது. பின்னால் நின்றவர் “சீக்கிரம் முடிங்கப்பா” என்றார். வீரபத்திரன் அவரை ஒரு முறை முறைத்தான்.

போன் அதிர்ந்தது. படித்ததும் ஆசிபா முகமெல்லாம் சிரிப்பானாள்.

“நல்ல சேதிண்ணே! கேளுங்க.”

உரக்கவே வாசித்தாள்:

“கஷ்டம் சென்ற மாதம் போய்விட்டது. இப்போது வலி இல்லை. பணம் அனுப்ப வேண்டாம். கடன் இல்லை என்று வீராவிடம் சொல்லச் சொன்னது.”

“பாத்தியா? உடம்பும் தேறிருச்சு, கடனும் தள்ளுபடி!” சபீர் பாய் மேஜையைத் தட்டினார். “அல்லா கொடுத்தான்யா உனக்கு.”

வீரபத்திரன் போனை வாங்கி, எழுத்துக் கூட்டி, அவனே ஒரு தடவை படித்தான்.

உங்க பேருக்கு என்ன அர்த்தம் என்று சாரத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒரு நாள் அவரைக் கேட்டிருக்கிறான். அவர் தரையில் கம்பியால் அந்த எழுத்தைக் கீறிக் காட்டி, நம் ஆட்களிடம் பொறுக்கிய தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“கஷ்டம்.”

போன் அவர் பேரையும் சேர்த்துத் தமிழாக்கியிருந்தது.

ஆசிபா கணினியில் அடித்ததையெல்லாம் அழித்துவிட்டு, மேஜைமேல் இருந்த மஞ்சப்பையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுக்கவில்லை.

“ஏய்யா,” என்றார் சபீர் பாய், “கடன் தீந்த ஆளு மூஞ்சியாய்யா இது?”