கண்சிமிட்டிய விளக்கு

"இந்த விளக்கு சரியாகலேன்னா எம் பொண்ணு போகப் போறதில்லை. அவ்வளவுதான்!"

விசாலாக்ஷி மாமி போட்ட சத்தத்தில் குர்லா ஒர்க்‌ஷாப்பே திரும்பிப் பார்த்தது.

அபுதாஹிர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். செம்பூர் வேங்கடசுப்ரமணியன் சாரும் மாமியும் அவருக்குப் பத்து வருஷ வாடிக்கை. இந்த ஜீப்பைத் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

"என்ன செய்யுது சார்?"

"ஃபோர் வீல் போட்டா டேஷ்போர்டுல பச்சை விளக்கு நின்னு எரியணுமோல்லியோ? நேத்துலேர்ந்து மினுக்கிண்டே இருக்கு, பாய்."

மகள் மானசா டாக்டர். ஜவ்ஹார் பக்கம் ஒரு மலைக்கிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்த மழைச் சேற்றில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்காத வண்டி அங்கே ஏறாது.

"சகுனமே சரியில்லை. பம்பாயில இல்லாத ஆஸ்பத்திரியா?" என்றாள் மாமி.

"அசடாட்டம் பேசாதே! பொண்ணுன்னா வீட்டுல பூட்டி வெக்கணுமா? எம் பொண்ணு சிங்கம்!"

குடியிருக்கும் ஹவுசிங் சொசைட்டி முழுக்க சார் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அப்பான்னா இப்படி இருக்கணும் என்று நினைத்துக்கொண்டார் அபுதாஹிர். மாமி மேல் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

ஃபியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஃபோர் வீல் போட்டு ஓட்டிப் பார்த்தார். முன்சக்கரம், பின்சக்கரம் நாலும் ஒழுங்காகச் சுற்றின.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல சார். நாலும் இழுக்கு. விளக்குதான் பொய் சொல்லுது."

"விளக்கு நின்னு எரியாம எப்படிப் போறது? நன்னாப் பாருங்கோ, பாய். அவசரமே இல்லை. நான் போய் எல்லாருக்கும் டீ வாங்கிண்டு வரேன்."

சார் போனதும் அபுதாஹிர் வண்டிக்கு அடியில் படுத்தார். விளக்குக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே கியர்பாக்ஸ் வரை போனார். நாலு சக்கரமும் சேர்ந்துவிட்டதை விளக்குக்குச் சொல்லும் சென்சாரில் மாட்டியிருக்க வேண்டிய முனை கழன்று தொங்கியது; அதனால்தான் விளக்கு மினுக்கியது. அதுவாகக் கழலவில்லை. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், கவர்மேல் ரப்பர் பேண்ட்!

அட, மாமி! இவ்வளவு தூரத்துக்குப் போயாச்சா?

கவரை உருவிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமி, தப்பா நினைக்காதிய. இது ஒங்க வேலையா?"

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அலம்பிக் காயவைத்த பால் கவர். இரண்டு சுற்றுச் சுற்றிய ரப்பர் பேண்ட்.

"எனக்கு வண்டிக் கதவையே ஒழுங்கா சாத்தத் தெரியாது, பாய். எங்காத்துல பால் கவரை அலம்பிச் சேர்த்து வெக்கறது ஒரே ஒருத்தர்தான்."

அந்த ஒருத்தர் மூன்று டீயோடு வந்து நின்றார். மாமியின் கையில் இருந்ததைப் பார்த்தார். டீ தளும்பியது.

"யூட்யூப் பார்த்துக் கழட்டினேன்," என்றார். "மழைத் தண்ணி போய்க் கெட்டுடக் கூடாதேன்னு கவர் சுத்தினேன்."

அபுதாஹிருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"ஏன் சார் இப்படி?"

"அவ இல்லாத ஆத்துல எப்படி இருக்கப்போறேன்னு தெரியலை, பாய்."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதை வாயைத் திறந்து சொல்லப்படாதா? நான் சொல்லிக் கத்திண்டு இருக்கேனே! ஊருக்குத்தான் உபதேசமா?" என்றவள் திரும்பினாள். "எடுத்து மாட்டுங்கோ, பாய். கொழந்தை போகட்டும்."

அபுதாஹிருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"சார், நாம படிக்க வச்சதே அதுக போறதுக்குத்தானே? போகாதேன்னா நேருக்கு நேர் சொல்லணும். இல்ல, மனசார அனுப்பணும். பெத்த பிள்ளகிட்டயே கள்ளத்தனம் பண்ணலாமா?"

சார் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார்.

முனையை மாட்டியதும் பச்சை விளக்கு அசையாமல் நின்று எரிந்தது. சார் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "பெட்ரோல் ஃபுல்லாப் போட்டுடலாம்டி. மலையில பங்க் இருக்குமோ என்னவோ," என்றார். மாமி சிரித்துவிட்டாள். ஜீப் கிளம்பியது.

ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் அபுதாஹிர் மீதி டீயைக் குடித்தார். போன் அடித்தது. தாராவி வீட்டிலிருந்து மகள் சஃபீனா.

"வாப்பா, புனே காலேஜ் ஹாஸ்டல் லெட்டர் இன்னைக்காவது வந்துச்சா? நாளையோட கடைசி."

தபால்காரர் சந்துக்குள் வீடு தேடி அலைய வேண்டாமென்று அவர்கள் வீட்டுத் தபாலெல்லாம் ஒர்க்‌ஷாப் விலாசத்துக்குத்தான் வரும்.

"வாப்பா? லைன்ல இருக்கீங்களா?"

அபுதாஹிர் மேஜை டிராயரைத் திறந்தார்.

"லெட்டர் வந்து ஒரு வாரமாச்சும்மா. வாப்பாதான் ஒளிச்சு வச்சிருக்கேன். நீ பெட்டியக் கட்டு."