பீரோவை உடைத்தவள்

பீரோவை உடைத்தது யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாரியம்மாளே ஒப்புக்கொண்டாள்.

“நான்தாங்க ஒடச்சேன். கடப்பாறய உட்டு நெம்பினேன்.”

விசாரிக்க வந்த சூப்பர்வைசரம்மா வளைந்து கிடந்த கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். முந்தின நாள் அந்த அறையில் ஒரு குழந்தை செத்துப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கருவேப்பிலங்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அரசாங்கத்தின் துணை சுகாதார நிலையம். நர்சு ஆதிலட்சுமி ஒருத்திதான். மாரியம்மாள் ஒரு காலத்தில் ஊரெல்லாம் பிரசவம் பார்த்தவள். இப்போது அங்கே பெருக்கித் துடைக்கிறாள்.

ஆதிலட்சுமி விருத்தாசலத்தில் மீட்டிங்குக்குப் போயிருந்தபோதுதான் பூர்ணிமாவுக்கு வலி எடுத்தது. சொன்ன தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே எடுத்துவிட்டது. புருஷன் அர்ச்சுனன், செராமிக் சூளையில் வேலை பார்க்கிறவன், அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினான். ஆட்டோ வருவதற்குள் குழந்தை மாரியம்மாள் கையில் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அழவில்லை.

அழாத குழந்தைக்கு மூச்சுக் கொடுக்க ஒரு ரப்பர் பை உண்டு. மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க்கை வைத்துப் பையை அமுக்கினால் காற்று உள்ளே போகும். அந்த வருஷம்தான் நர்சுகளுக்கு ட்ரெயினிங் வைத்து, ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். வாங்கி வந்த அன்று ஆதிலட்சுமி மாரியம்மாளுக்கும் ஒரு தடவை அமுக்கிக் காட்டினாள். அப்புறம் பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். எல்லா நர்சுகளும் அப்படித்தான் செய்தார்கள். இன்ஸ்பெக்ஷனில் பை புதுசாக இருந்தால் பாராட்டு, கொஞ்சம் அழுக்காக இருந்தால் ஆயிரம் கேள்வி.

மாரியம்மாள் குழந்தையைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், வாயில் ஊதிப் பார்த்தாள். பிறகு கடப்பாறைக்கு ஓடினாள். பீரோ லேசில் திறக்கவில்லை. பை கைக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஆட்டோ வந்து நின்ற பிறகும் அவள் அமுக்கிக்கொண்டேதான் இருந்தாள்.

“பெருக்க வந்தவ பிரசவம் பாத்தா, கவர்மெண்ட் பீரோவ ஒடச்சா. இதை அப்படியே எழுதி ஸ்டேஷன்ல குடுத்துடு ஆதிலட்சுமி,” என்றார் சூப்பர்வைசரம்மா. “உம்மேல ஒரு சொல்லு வராது.”

ஆதிலட்சுமி அசதியாக எழுந்தாள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரே நாளில் இன்னும் பத்து வருஷம் கூடின மாதிரி இருந்தது.

“ஸ்டேஷன் வேணாங்க மேடம். நான் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிக்கிறேன்.”

சூப்பர்வைசரம்மா பீரோக் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

கொளஞ்சியப்பர் கோயில் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அநியாயம் நடந்தால், கோர்ட்டில் போடுகிற மாதிரி, இன்னார் மேல் இன்ன குற்றம் என்று காகிதத்தில் பிராது எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள். மூன்று மாதத்தில் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும் என்று நம்பிக்கை. போலீசை ஒரு பொருட்டாக நினைக்காதவர்கள்கூட பிராது என்றால் நடுங்குவார்கள்.

ஊருக்குள் விஷயம் பரவியதும் ஆதிலட்சுமியைத் திட்டாத வாய் இல்லை. ஏழைக் கிழவி மேல் சாமியை ஏவி விடுகிறாளே, இவளெல்லாம் நர்சா என்றார்கள்.

சாயந்திரம் அர்ச்சுனன் வந்து நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அவங்க இல்லன்னா பூர்ணிமாவும் போயிருப்பா நர்சம்மா. பிராது மட்டும் வேணாங்க.”

பூர்ணிமாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறாயா என்று மட்டும் கேட்டு ஆதிலட்சுமி அவனை அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் மாரியம்மாள் காத்திருந்தாள். இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள் போல. கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

“கட்டுங்கம்மா. வேணாம்னு சொல்ல வரல. சாமி குடுக்குறத வாங்கிக்கிறேன். திருடினேன்னு மட்டும் எழுதிடாதீங்க. நான் ஒடச்சதுதான் நெசம்.”

பஸ் வந்தது, ஆதிலட்சுமி ஏறிவிட்டாள்.

கோயிலில் பிராது எழுதிக் கொடுக்கிறவர் விருத்தகிரி என்ற பெரியவர். தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லி ஆதிலட்சுமி ஒரு காகிதம் வாங்கிக்கொண்டாள். நாலு வரி எழுத அரை மணி நேரம் ஆனது.

எத்தனையோ ஊர்ச் சண்டைகளைப் படித்துப் படித்துச் சலித்துப் போனவர் விருத்தகிரி. அசிரத்தையாகத்தான் வாங்கினார். பாதியில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

“எதிரி: ஆதிலட்சுமி, நர்சு. குற்றம்: குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கிற பையை, புதுசாகவே இருக்கட்டும் என்று பீரோவில் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போனது.”

“இந்த ஆதிலட்சுமி யாரும்மா?”

“நான்தாங்க.”

அவர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பிராது குடுக்குறவங்க பேர எழுதாம உட்டிருக்கியேம்மா.”

“அர்ச்சுனன் பொண்ணுன்னு எழுதிக்குங்க ஐயா. இன்னும் பேரு வைக்கல.”