பத்து மணி வழக்கம்

கிரேக்கத் தீவு ஒன்றில், துறைமுகத்திலிருந்து மலையூருக்கு ஐந்நூறு படி. ஊர் பார்க்க வருகிறவர்களைச் சுமந்து ஏறுவது பாந்தெலிஸ் என்பவனுடைய கழுதையின் வேலை. முதுகில் உட்கார்ந்தவர்கள், "அடடா, என்ன கடற்கரை!" என்பார்கள். தலை குனிந்து ஏறும் கழுதை பார்த்ததெல்லாம் படிகளைத்தான்.

"ஒருநாளாவது அந்தத் தண்ணியில நிக்கணும்," என்றது.

"பாந்தெலிஸ் பின்னி எடுத்துடுவான்ணே," என்றது மீன்கடைப் பூனை.

"அடி எனக்குப் புதுசா?"

அன்றைக்கே, ஏறியிருந்த பயணியோடு கடற்கரைக்கு இறங்கிப்போய் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது. பாந்தெலிஸ் கயிற்றை இழுத்தான், அடித்தான். அது அசையவில்லை. போதுமென்று தோன்றிய பிறகு தானே கரையேறியது. கரையில் இருந்தவர்கள் கைதட்டிப் படமெடுத்தார்கள்.

மறுநாள் துறைமுகத்தில் புதுப் பலகை இருந்தது. பூனை வாசித்துச் சொன்னது: "'எங்கள் தீவின் தொன்றுதொட்ட வழக்கம், கழுதை நீராட்டு. தினமும் காலை பத்து மணி.' நேத்துப் பொறந்த வழக்கம்ணே! நீ ஆசைப்பட்டதுதானே, போயேன்."

பத்து மணிக்குக் கூட்டம் கரையில் காத்திருந்தது. கழுதை நடுப்படியில் கால் மடக்கி உட்கார்ந்துவிட்டது.

"கடல் வேண்டாமாண்ணே?"

"வேணும். பதினொரு மணிக்குப் போவேன்."