அக்கா குளிப்பாட்டினாள்

“நீ குளிச்சு எத்தனை நாளாச்சுடா?”

பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலில் தம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்தான். நுரையீரலில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஏற்றிப் பார்த்தாகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரன்ட் வைக்கிறார்கள்.

“அவதான் ஈரத்துணியால துடைச்சு விடுறாளேக்கா...” மேலே பேச விடாமல் இருமல் வந்தது.

“துடைக்கிறாளாம். உன்னைத் தொட அவளுக்குக் கூசுது, அதைச் சொல்லு. எங்க மகராணி?”

“மருந்துக் கடைக்கு.”

அக்கா வெந்நீர் போட்டாள். தம்பியைக் கைத்தாங்கலாக நடத்திப் போய், குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்து, சட்டையைக் கழற்றினாள். நெஞ்சிலும் விலாவிலும் ஊதா மைக் கோடுகள்.

“இதென்னடா கிறுக்கல்? இதைக்கூடவா கழுவி விடல அந்தப் புண்ணியவதி?”

“அக்கா, அங்க தேய்க்...” மறுபடியும் இருமல்.

“சும்மா இரு. சின்ன வயசுலயே சோப்பைக் கண்டா ஓடுறவன்தானே நீ.”

தம்பி அவள் கையைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. இருமல் அடங்குவதற்குள் நாரும் சோப்பும் வேலையை முடித்திருந்தன. அவன் கண்ணில் தண்ணீர். பாசத்தில் அழுகிறான் என்று அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மருந்துப் பையோடு தம்பி மனைவி வந்து நின்றாள்.

“பாத்துக்கோ. இப்பதான் என் தம்பி மனுஷனா இருக்கான்.”

அவள் புருஷனின் நெஞ்சைப் பார்த்தாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணி... அந்தக் கோட்டை வெச்சுத்தான் கரன்ட் எந்த இடத்துல வைக்கணும்னு பாப்பாங்க. அழியக் கூடாதுன்னுதான் தண்ணி ஊத்தாம வெச்சிருந்தேன்.”

அக்காவின் கையிலிருந்து துண்டு நழுவியது.

ஆஸ்பத்திரியில் கரன்ட் வைப்பவர் பொரிந்து தள்ளினார்.

“படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேனே. இனிமே திரும்ப ஸ்கேன் எடுத்து, முதல்லேர்ந்து அளந்து கோடு போடணும். அதுவரைக்கும் கரன்ட் வைக்க முடியாது. நோய் சும்மா உக்காந்திருக்குமா? யாரும்மா கழுவினது?”

அக்கா வாயைத் திறந்தாள்.

அவளை லேசாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தம்பி மனைவி முன்னால் வந்தாள்.

“நான்தாங்க. பாவம், உடம்பு சுத்தமா இருந்தா அவருக்குக் கொஞ்சம் இதமா இருக்குமேன்னு கழுவிட்டேன்.”