லென்ஸ் மட்டும் பாக்கி

"இன்னாங்க, இன்னிக்கும் குப்பையா? அந்தத் துருத்திய எங்க வெக்கப் போறீங்க?"

வாசலிலேயே வழிமறித்தாள் நளினி. ராஜ்குமார் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை. தோள்பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை.

"குப்ப இல்ல நளினி. ஸ்டுடியோவுல போட்டோவப் பெருசு பண்ற மெஷினோடது. மடிப்புல ஒரு ஓட்ட இல்ல பாரு" என்று அந்தக் கறுப்புத் துருத்தியை வெளியே எடுத்து, குழந்தையைப் போல இரு கையாலும் ஏந்திக் காட்டினார்.

சொந்த ஊரான கோரமண்டலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்காக ரயிலில் போய் வந்தே தலை நரைத்த மனிதர். ரிட்டயரான கையோடு சமையலறையில் டியூட்டி பார்க்க ஆரம்பித்தார். தாளிக்கும்போது பின்னால் நின்று கடுகு அதிகம் என்பார். குக்கர் விசிலை விரல்விட்டு எண்ணுவார். டப்பாக்களை அவர் தன் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கியதில், ஒருநாள் நளினி பாயசத்தில் உப்பைப் போட்டுவிட்டாள்.

அப்புறம்தான் ராபர்ட்சன்பேட்டையில் மஞ்சுநாத்தின் பழைய சாமான் கடையில் ஒரு கேமரா ஷட்டர் அவர் கண்ணில் பட்டது. காதில் வைத்து 'கிளிக்' சத்தம் கேட்டவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் பிடிக்கும் பெரிய பெட்டி கேமராவைத் தன் கையாலேயே செய்வதென்று கிளம்பிவிட்டார்.

தொட்டதெல்லாம் துலங்கியது. வாரத்துக்கு ஒன்றாக அந்தக் கடையிலேயே பாகங்கள் கிடைத்தன. எல்லாம் தன் கழுகுக் கண்ணின் மகிமை என்று பீற்றிக்கொண்டார். அதே கண்தான் பழைய ப்ரொஜெக்டர் லென்ஸை ஜெர்மன் கேமரா லென்ஸ் என்று சத்தியம் செய்தது. அதை மாட்டிப் பார்த்தால், பெட்டியின் பின்புறம் பிம்பம் விழும் கண்ணாடியின் நடுவில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டம் மட்டும் விழுந்தது, சுற்றிலும் இருட்டு.

"நல்ல லென்ஸ் ஒண்ணுதான் பாக்கி. அது கெடச்சா மொத போட்டோ உன்னதான் எடுப்பேன்" என்றார் இப்போது, கெஞ்சுகிற குரலில்.

நளினி மசியவில்லை. கட்டில் முழுக்க மரத்தூள், அலமாரி முழுக்க ஆணி என்று பொரிந்து தள்ளினாள். இதற்கு இன்றைக்கே ஒரு முடிவு கட்டுவதாகச் சொல்லி, செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

கடைக்காரனுக்குத்தான் போன் என்று ராஜ்குமாருக்குப் புரிந்துவிட்டது. மஞ்சுநாத்தை இவள் மிரட்டி வைத்துவிட்டால் கேமரா கடைசிவரை குருடாகவே கிடக்கும். பின்னால் போய்த் தடுக்கவும் தைரியம் வரவில்லை. துருத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பின்பக்கத்தில் நளினி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மூடிப்போன ஸ்டுடியோவிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வாங்கி, மஞ்சுநாத்திடம் தான் கொடுத்து வைத்த சாமானில் இன்னும் என்ன மிச்சம் என்று விசாரித்தாள். லென்ஸ் மட்டும்தான் என்றான் அவன். அண்ணனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, நாளைக்கே கொடுத்துவிடட்டுமா என்றும் கேட்டான்.

அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"வாணாம் தம்பி, கேமரா முடிஞ்சா திரும்ப கிச்சனுக்கு வந்துடுவாரு."