கரடி கை தூக்கினால்

பல்வலியில் கரடியின் ஒரு கன்னம் பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. ஆனாலும் பல் வைத்தியரான மரங்கொத்தியிடம் போக அதற்கு நடுக்கம். "உளியை வச்சுத் தாடையையே பெயர்த்துடுவார்" என்று நரி சொல்லியிருந்தது. நரி அந்தப் பக்கமே போனதில்லை.

கடைசியில் வலி தாங்காமல் கரடி போனது. உள்ளே கேட்ட 'டொக் டொக்' சத்தத்தில் அது வாசலிலேயே நின்றுவிட்டது.

"சத்தம்தாங்க பெரிசு," என்றது மரங்கொத்தி. "நீங்க கையைத் தூக்குனா அந்த நொடியே நிறுத்திடுவேன்."

அலகு பல்லைத் தொடுமுன்னே கரடி கையைத் தூக்கியது. மரங்கொத்தி நிறுத்தியது. மறுபடி தூக்கியது. மறுபடி நிறுத்தியது. அட! எவ்வளவு கெஞ்சியும் தேனீக்கள் ஒருநாளும் கொட்டுவதை இப்படி நிறுத்தியதில்லையே! குஷி தாங்காமல் இடக்கை, வலக்கை, ஒரு கால் என்று கரடி மாற்றி மாற்றித் தூக்கியது. மரங்கொத்தியும் சளைக்காமல் நிறுத்தி நிறுத்தி வேலை பார்த்தது.

பதினேழாவது முறை தூக்கியபோது மரங்கொத்தி சிரித்துவிட்டது. "சொத்தைப் பல்லை எடுத்துப் பத்து நிமிஷம் ஆச்சுங்க. இன்னும் எதை நிறுத்த?"

கரடி நாக்கால் துழாவியது. பல் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது.

"அதுக்குள்ளயா?" என்று அதன் முகம் வாடியது. "இந்தப் பக்கம் ஒண்ணு லேசா ஆடுற மாதிரி இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்!"